மாருதி ஆம்னி டோர் லாக்: கம்பெனி சரக்கு, டெல்லி சரக்கு, புதுப்பேட்டை சரக்கு – எதற்கு எது?

ஆம்னிக்கு டோர் லாக் வேண்டும் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் இரண்டு விதமான சரக்கு கவுண்டருக்கு வரும். ஒன்று மாருதி ஜெனுயின் பார்ட்ஸ் பெட்டி. இன்னொன்று, பாலிதீன் கவரில் வரும், கடைக்காரர்கள் பொதுவாக ‘டெல்லி சரக்கு’ என்று சொல்கிற வெளிமார்க்கெட் லாக். மூன்றாவது வகைக்குக் கடை வேறு. சென்னை புதுப்பேட்டை மாதிரியான இடங்களில் உடைத்த வண்டியிலிருந்து கழற்றி வைத்திருக்கும் பழைய லாக் அது. மூன்றையும் பற்றித் தனித்தனியாகச் சொல்கிறோம். அதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘லாக் போயிடுச்சு’ என்று மாற்றப்படும் லாக்குகளில் பல உண்மையில் போயிருக்காது. கைப்பிடியை லாக்கோடு இணைக்கும் கம்பியின், அதாவது ராடின், கிளிப் உடைந்திருக்கும், கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது கதவே இறங்கியிருக்கும். அந்த நிலையில் எந்தச் சரக்கைப் போட்டாலும் சில மாதத்தில் அதே கோளாறு திரும்பி வரும். அதனால் கடைக்குப் போகும் முன் கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முன் கதவில் தொடங்கலாம். கதவைத் திறந்து வைத்து ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். கதவின் விளிம்பில் லாக்கின் நாக்கு தெரியும். கதவை மூடும்போது கதவுச் சட்டத்தின் தூணான பில்லரில் இருக்கும் ஸ்ட்ரைக்கர், அதாவது நாக்கு போய்ப் பிடிக்கும் இரும்புத் துண்டு, எந்தப் பக்கம் அதைத் தள்ளுமோ, அதே பக்கம் ஸ்க்ரூ டிரைவரால் தள்ளுங்கள். ‘டக், டக்’ என்று இரண்டு சத்தம் வர வேண்டும். முதலாவது அரைப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. முழுப் பூட்டில் நிற்கும் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி வெளியே இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. பிறகு வெளிக் கைப்பிடியை இழுங்கள். நாக்கு சட்டென்று பழைய இடத்துக்குத் தெறித்து வர வேண்டும். மறுபடி பூட்டி, உள் கைப்பிடியாலும் அதையே செய்து பாருங்கள்.

இந்த ஒரு சோதனையிலேயே கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இரண்டு டக்கும் கேட்டு, இரண்டு கைப்பிடிக்கும் நாக்கு விடுபட்டால் லாக் நன்றாக இருக்கிறது. கதவு மூடாததற்குக் காரணம் ஸ்ட்ரைக்கரோ கீலோதான். உள் கைப்பிடிக்கு விடுபட்டு வெளிக் கைப்பிடிக்கு விடுபடாவிட்டால், கைப்பிடிக்கும் லாக்குக்கும் நடுவில் உள்ள ராடு, அதன் பிளாஸ்டிக் கிளிப், அல்லது கைப்பிடியின் உள் நெம்புகோல் போயிருக்கிறது. நாக்கு விடுபட்டாலும் சோம்பலாக, பாதியில் நின்று நின்று வந்தால் பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து இறுகிவிட்டது. சுத்தம் செய்தால் போதும், காசு செலவில்லை. ஒரே ஒரு டக் மட்டும் கேட்டாலோ, முழுப் பூட்டில் இருந்து நெம்பியதும் நழுவினாலோ, உள்ளே நாக்கைப் பிடிக்கும் கொக்கியின் பல் தேய்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. இதற்கு மட்டும்தான் புது லாக் தேவை. இதைத் தள்ளிப் போடவே கூடாது. அரைப் பூட்டில் ஓடும் கதவு ஒரு பள்ளத்தில் விழுந்தாலே திறந்துகொள்ளும்.

சோதனை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கைத் திறந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகே கதவை மூடுங்கள். பூட்டிய நாக்கோடு ஓங்கிச் சாத்தினால் அது ஸ்ட்ரைக்கரில் மோதி வளையும். ‘திடீர்னு கதவு மூடவே மாட்டேங்குது, சாத்தினா திரும்பி வருது’ என்று வரும் வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கதவு திறந்திருந்தபோது யாரோ நாக்கைத் தள்ளிவிட்டிருப்பார்கள். கைப்பிடியை ஒருமுறை இழுத்தாலே சரியாகிவிடும்.

லாக் நன்றாக இருந்தும் கதவை ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது என்றால், கதவைப் பாதி திறந்து அதன் வெளி விளிம்பை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் கீல் பின் தேய்ந்து கதவு தொங்குகிறது. அந்த நிலையில் ஸ்ட்ரைக்கரை இறக்கி வைத்துச் சமாளித்தால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் கதவு இன்னும் இறங்கும். கீலை முதலில் சரி செய்யுங்கள். கீலில் ஆட்டம் இல்லை என்றால் ஸ்ட்ரைக்கருக்கு வாருங்கள். அதன் மேல் சாக்பீஸ் தேய்த்துக் கதவை மெதுவாக மூடித் திறந்தால், நாக்கு எங்கே உரசுகிறது என்று சாக்பீஸ் அழிந்த இடம் காட்டிவிடும். மார்க்கரால் ஸ்ட்ரைக்கரின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டு ஸ்க்ரூவைக் கொஞ்சமாக மட்டும் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றினால் பில்லருக்குள் இருக்கும் நட் தட்டு நழுவி விழ வாய்ப்பு உண்டு. ஒரு தடவைக்கு 1 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்த வேண்டாம்.

பக்கவாட்டுத் தள்ளுகதவின் கதை வேறு. ஆம்னியில் அதிகம் திறந்து மூடப்படும் கதவு இதுதான், அதிகம் தப்பாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். இந்தக் கதவின் எடையை ரெயிலில் ஓடும் ரோலர்கள் தாங்குகின்றன. ரோலர் தேயத் தேயக் கதவு இறங்கும். இறங்கிய கதவின் லாக் ஸ்ட்ரைக்கரை நேராகச் சந்திக்காமல் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ உரசும். டிரைவர் ஓங்கி இழுத்துச் சாத்துவார், அந்த அடியில் லாக் தேயும். லாக்கை மட்டும் மாற்றினால் புது லாக்கும் அதே அடியைத்தான் வாங்கப்போகிறது. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ரோலர், அடுத்து ஸ்ட்ரைக்கர், கடைசியில்தான் லாக்.

ரோலரைப் பார்க்கக் கதவைப் பாதி தூரம் தள்ளி நிறுத்தி, பின் ஓரத்தைத் தூக்கி ஆட்டுங்கள். டொக் டொக் என்று ஆடினால் ரோலர் போய்விட்டது. கதவை ஓட்டும்போது ஒரே இடத்தில் மட்டும் இடித்தால் ரெயிலில் அடிபட்டு நசுங்கியிருக்கும், அல்லது மண் கட்டியிருக்கும். ரெயிலில் மணல் இருக்கும்போது கிரீஸ் பூசுவது பெரிய கெடுதல். மணலும் கிரீஸும் சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிரஷ்ஷால் மண்ணை எடுத்து, டீசல் நனைத்த துணியால் துடைத்து, காய விட்டு, சிலிகான் ஸ்ப்ரே லேசாக அடித்தால் போதும். கிரீஸ் ரோலரின் பேரிங்குக்கு மட்டும். ரோலர் மாற்றும்போது பிராக்கெட்டின் பழைய இடத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கதவைத் தாங்கிப் பிடிக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

உள்ளிருந்து தள்ளுகதவு திறக்கவில்லை என்ற புகார் வந்தால், கதவின் விளிம்பில் சைல்ட் லாக் நெம்பு இருக்கிறதா, அது பூட்டிய நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது திறந்திருந்தும் உள் கைப்பிடி வேலை செய்யவில்லை என்றால் அன்றைக்கே சரி செய்ய வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் ஏறும் வண்டியிலும் எல்பிஜி வண்டியிலும் உள்ளிருந்து திறக்காத கதவு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சாவி பக்கத்துக் கோளாறு இரண்டு வகை. சாவி சுழலவே இல்லை என்றால் தூசி அல்லது தேய்மானம். அதிகம் பயன்படுத்தாத இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது சுலபமாகச் சுழன்றால் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, முதல் சாவிதான் தேய்ந்துவிட்டது. டூப்ளிகேட் வெட்ட அந்த இரண்டாவது சாவியைக் கொடுங்கள். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். இரண்டாவது வகையில் சாவி சுழலும், ஆனால் உள்ளே பூட்டுக் குமிழ் அசையாது. சிலிண்டரின் வாலில் மாட்டியிருக்கும் ராடின் கிளிப் உடைந்துவிட்டது என்று பொருள். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பேடைக் கழற்றி கிளிப் மாற்றினால் முடிந்தது. சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து விட வேண்டாம். விட்டதும் வழுக்கும், பிறகு பிசினாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிராஃபைட் பொடிதான் அதற்குச் சரி.

இனி சரக்குக்கு வருவோம்.

லாக்கைப் பொறுத்தவரை எங்கள் முதல் தேர்வு மாருதி ஜெனுயின் பார்ட்ஸ். நாக்கின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை முழுசாக, பிசிறில்லாமல் இருக்கும். கதவு மூடும்போது தகரச் சத்தம் வராமல் இருப்பது இந்த உறையால்தான். ராடு மாட்டும் நெம்புகளின் கோணம் பழைய லாக்கோடு அப்படியே ஒத்துப்போவதால் எதையும் வளைக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், 1984-ல் மாருதி வேன் என்று வந்து 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறி 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. எல்லா ஊர்க் கடையிலும் எல்லாக் கதவின் லாக்கும் கையிருப்பில் இருக்காது. ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டி வரும். விலையும் கூடுதல்தான், ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு முன் 28 சதவீதம் போட்டுக் கொடுத்த பழைய விலையை இன்னும் சொல்கிறார்களா என்று பில்லில் பாருங்கள்.

டெல்லி சரக்கில் தரம் ஒரே சீராக இருக்காது. ஒரே பெட்டியில் நல்லதும் வரும், மட்டமானதும் வரும். கவுண்டரிலேயே சோதிக்காமல் வாங்கக் கூடாது. கவரைப் பிரித்து, முன்பு சொன்ன ஸ்க்ரூ டிரைவர் சோதனையைக் கையில் வைத்தே பத்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு டக் தெளிவாகக் கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் நாக்கு முழுசாகத் திரும்ப வேண்டும். நாக்கை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ரிவெட் லூஸாக இருந்தால் ஆட்டம் கைக்குத் தெரியும். முலாமின் பளபளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய லாக்கைப் பக்கத்தில் வைத்து மூன்று விஷயம் ஒப்பிடுங்கள்: ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி, ராடு துளைகளின் கோணம், நெம்பின் நீளம். நெம்பு இரண்டு மில்லிமீட்டர் கட்டையாக இருந்தாலும் கைப்பிடியை முழுசாக இழுத்தால்தான் கதவு திறக்கும். கைப்பிடி தேயத் தேய, ஒரு நாள் திறக்காமலே போகும். ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு இந்தச் சரக்கைச் சிபாரிசு செய்ய மாட்டோம். முலாம் மெல்லிசாக இருந்தால் ஸ்பிரிங் மாட்டும் காதுதான் முதலில் துருப்பிடிக்கும்.

வெளிக் கைப்பிடிக்கு மட்டும் டெல்லி சரக்கைத் தைரியமாக வாங்கலாம். ஒரே நிபந்தனை, பின்பக்க நெம்பு இரும்பாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. ராடு கிளிப்புகளும் அப்படியே. கிளிப்பின் விலை அற்பம். ஆனால் ராடின் தடிமனுக்குப் பொருந்தாவிட்டால் கழன்று விழும், அதனால் பழைய கிளிப்பையோ ராடையோ கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கதவைத் திறந்த கையோடு எல்லாக் கிளிப்பையும் மாற்றிவிடுவது நல்லது. ஒன்று உடைந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான்.

புதுப்பேட்டை லாக்கை வேண்டாம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மட்டமான புது லாக்கை விட, துருப்பிடிக்காத பழைய கம்பெனி லாக் மேல் என்பது எங்கள் முடிவு. வாங்கும்போது நாக்கின் உள்வளைவில், ஸ்ட்ரைக்கர் உட்காரும் இடத்தில், விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் வேண்டாம். இடது பக்க முன் கதவு லாக் கிடைத்தால் பெரும்பாலும் அதில் தேய்மானம் குறைவு, டிரைவர் கதவு அளவுக்கு அது திறந்து மூடப்படுவதில்லை. ஆனால் இடது லாக் வலது கதவுக்குப் பொருந்தாது. கடைக்காரர் ‘திருப்பிப் போட்டா சரியாயிடும்’ என்று சொன்னாலும் கேட்காதீர்கள். மாருதியின் இன்னொரு வேனான ஈகோவின் லாக்கை ஆம்னியில் போட முயல்வதும் வேண்டாத வேலை. வாங்கி வந்ததை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய கிரீஸ் முழுவதையும் பிரஷ்ஷால் எடுத்து, காய்ந்ததும் வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். டபிள்யூடி-40 அடித்தால் மட்டும் போதாது. அது அழுக்கை இளக்கும், ஆனால் இருக்கும் கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிடும்.

சாவி சிலிண்டரை மாற்றுவதென்றால் இக்னிஷனோடு சேர்ந்த முழு லாக் செட்டாக விற்பார்கள். செட்டில் எத்தனை சிலிண்டர் இருக்கிறது, பெட்ரோல் டேங்க் மூடி அதில் சேர்ந்ததா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஒரு கதவின் சிலிண்டர்தான் போயிருக்கிறது என்றால் முழு செட் தேவையில்லை. சாவி வெட்டும் கடையில் நல்ல கைவேலைக்காரர் இருந்தால், புது சிலிண்டரைப் பிரித்து உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளை இடம் மாற்றி அடுக்கி உங்கள் பழைய சாவிக்கே பொருத்திக் கொடுப்பார். ஒரே சாவியில் வண்டி முழுக்கத் திறக்கும். இது நன்றாகக் கைகொடுக்கும் வேலை, கேட்டுப் பாருங்கள்.

மாட்டும் வேலைக்குத் தேவையானவை: நல்ல பிடிப்புள்ள 3-ஆம் எண் ஸ்டார் பிட், 10 எண் பாக்ஸ் ஸ்பேனர், பேடை நெம்ப ஒரு பிளாஸ்டிக் பட்டை, பழைய துணி. முதலில் கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள், கதவுக்குள் கை விட இடம் கிடைக்கும். பிறகு கண்ணாடி சுற்றும் கைப்பிடி. இதற்கு வெளியே ஸ்க்ரூ கிடையாது, பின்னால் குதிரை லாட வடிவில் ஒரு கம்பிக் கிளிப் பிடித்திருக்கும். கைப்பிடிக்கும் பேடுக்கும் இடையில் துணியை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இடம் வலமாக அறுப்பது போல இழுத்தால் துணியின் நூல் கிளிப்பின் நுனியில் சிக்கி அது தெறித்து வெளியே வரும். எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேடைக் கழற்றியதும் உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் உரியுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத் தண்ணீர் பேடுக்கு வராமல் கதவின் அடியில் உள்ள துளை வழியாக வெளியேற இந்தத் தாள்தான் காரணம். இது இல்லாத கதவில் பேடு உப்பும், உள்ளே ஈரம் தேங்கும். அடித் துளைகளை ஒரு கம்பியால் குத்தி அடைப்பு எடுங்கள். துளை அடைந்த கதவில் எந்த லாக்கும் நீடிக்காது.

ராடுகளைக் கழற்றும் முன் செல்போனில் நான்கைந்து படம் எடுத்து வையுங்கள். கிளிப்பை இழுக்கக் கூடாது. ராடைப் பிடித்திருக்கும் அதன் கையைச் சுழற்றித் திறந்தால் ராடு தானாக விடுபடும். அடுத்து கதவின் விளிம்பில் லாக்கைப் பிடித்திருக்கும் ஸ்டார் ஸ்க்ரூக்கள். இங்கேதான் பலருக்கும் வேலை கெடுகிறது. பல வருட பெயிண்டும் துருவும் சேர்ந்து ஸ்க்ரூ இறுகியிருக்கும், சின்ன பிட்டைப் போட்டுத் திருப்பினால் தலை மழுங்கும். பிட்டைத் தலையில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு நச்சென்று தட்டிவிட்டு, உடம்பு எடையைக் கொடுத்து அழுத்தித் திருப்புங்கள். இம்பாக்ட் டிரைவர் இருந்தால் இன்னும் நல்லது. கழற்றிய ஸ்க்ரூவில் மழுங்கல் இருந்தால் மறுபடி அதையே போடாதீர்கள்.

புது லாக்கை மாட்டி, ராடுகளைச் சேர்த்து, பேடை மூடும் முன் கதவைத் திறந்து வைத்தே எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நாக்கைப் பூட்டுங்கள். வெளிக் கைப்பிடி, உள் கைப்பிடி, சாவி, பூட்டுக் குமிழ் நான்கையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இதைச் செய்யாமல் கதவைச் சாத்தி, ஏதாவது ஒரு ராடு சரியாக மாட்டாமல் இருந்தால், பூட்டிய கதவுக்குள் வேலை பார்க்க வேண்டிய நிலை வரும். அது முதல் வேலையை விட மூன்று மடங்கு நேரம் தின்னும்.

கடைசியாக, வெளியில் விற்கும் சென்ட்ரல் லாக் கிட். பழைய வண்டிக்கு இது வசதிதான், ஆனால் கோளாறான லாக்குக்கு இது மருந்தாகாது. இதில் வரும் மோட்டார் மிகக் குறைந்த நேரமே தள்ளும். பூட்டுக் குமிழ் ஒரு விரலால் தள்ளியதும் நகராத கதவில் மோட்டார் பாதி தூரம் தள்ளி நின்றுவிடும். லாக் பாதியில் நிற்கும், அல்லது திரும்பித் திறந்துகொள்ளும். முதலில் லாக்கை இலகுவாக்குங்கள், பிறகு கிட் வாங்குங்கள். கிட்டில் டிரைவர் கதவுக்கு ஐந்து வயர் மோட்டாரும் மற்றவற்றுக்கு இரண்டு வயர் மோட்டாரும் இருக்கும். ஐந்து வயரில் இரண்டு மோட்டாருக்கு, மூன்று ஸ்விட்சுக்கு. மோட்டாரின் கம்பி, லாக் ராடின் போக்கிலேயே நேர்கோட்டில் தள்ளுமாறு மாட்ட வேண்டும். சாய்வாக மாட்டினால் பிளாஸ்டிக் பல்சக்கரம் சீக்கிரம் உடையும். பேட்டரியிலிருந்து வரும் வயரில் ஃப்யூஸ் இல்லாமல் இணைப்புக் கொடுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

ஆம்னியில் இந்தக் கிட்டை முன் இரண்டு கதவோடு நிறுத்திக்கொள்வதே எங்கள் சிபாரிசு. தள்ளுகதவுக்கு வயர் கொண்டுபோனால் கதவு ஓடும்போதெல்லாம் அது மடிந்து மடிந்து அறுந்துபோகும். கதவு மூடும்போது மட்டும் தொட்டுக்கொள்ளும் ஸ்பிரிங் காண்டாக்ட் வைத்தால் செய்யலாம், ஆனால் தூசியும் மழையும் பட்டால் அந்தக் காண்டாக்டை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். ரிமோட் வந்த பிறகு சாவித் துவாரத்தை யாரும் தொடுவதில்லை, சிலிண்டர் உள்ளே இறுகிவிடும். பேட்டரி இறங்கிய நாளில் வெளியே நிற்க வேண்டி வரும். மாதம் ஒருமுறையாவது சாவி போட்டு இரண்டு பக்கக் கதவையும் திறந்து மூடி வையுங்கள்.